மச்சான் வாங்கிய தப்பாப்

என் தங்கையின் கணவர் சவூதியை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தது, பாம்பன் புதுப் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய வருஷம். நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம். நான் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். எது நடந்தாலும் நடந்த மாதத்தோடு சேர்த்தே மனதில் வைத்துக்கொள்வேன். தேதி முத்திரை குத்திக் குத்தி வந்த பழக்கமாக இருக்கலாம். ஆனால் மச்சானுடைய காலில் உணர்ச்சி எந்த மாதம் போனது என்று அவருக்கே தெரியாது. போய்விட்டது என்று நாங்கள் தெரிந்துகொண்டது இராமநாதபுரத்தில், ஒரு சர்க்கரை வியாதி டாக்டரின் அறையில்.

டாக்டர் கையில் தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பான ஒரு நைலான் இழை இருந்தது. "கண்ணை மூடிக்கிட்டு, உள்ளங்கால்ல நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பெருவிரலில் தொட்டார், குதிகாலில் தொட்டார், நடுவில் தொட்டார். பிறகு அடுத்த கால். மச்சானிடமிருந்து சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிங்க டாக்டர்" என்றார். டாக்டர் அப்போது இழையை மேசையில் வைத்துவிட்டிருந்தார்.

இடது காலின் சுண்டுவிரலை ஏற்கெனவே சவூதியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இனி எந்தக் காலில் காயம் வந்தாலும் விரலோடு நிற்காது, காலையே கேட்கும் என்றார் டாக்டர். முள், கல், சூடு மூன்றும் ஆகாது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பை எழுதிக்கொடுத்தார். நாங்கள் இருப்பது திருப்புல்லாணி தாண்டிக் கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். வாசலைத் தாண்டினால் சீமைக்கருவேலம். அந்த முள் லாரி டயரையே பதம் பார்க்கும். டாக்டர் சொன்ன மூன்றில் நாங்கள் எல்லோரும் முள்ளைத்தான் பிடித்துக்கொண்டோம்.

மச்சானுக்கு வேட்டையில் ஆசை என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், டிரைவர் வேலை. குளிர்காலம் வந்தால் அந்த அரபி ராஜாளிகளையும் துப்பாக்கிகளையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு பாலைக்குள் போய்விடுவாராம். மச்சான் கூடாரம் அடிப்பார், சோறு ஆக்குவார். பறவை விழுந்தவுடன் உயிர் போவதற்குள் போய்ச் சேர்ந்து, பிஸ்மில்லா சொல்லி அறுப்பதும் அவர் பொறுப்பு. தாமதித்து உயிர் போய்விட்டால் அது ஹராம்; தூக்கி எறிய வேண்டியதுதான். அதற்காகவே அவருக்கு ஒரு நாலு சக்கர பைக் கொடுத்திருந்தார்கள். மணலில் எங்கேயும் ஏறும். சவூதியில் அதற்குத் தப்பாப் என்று பெயர்.

"என் கையால அறுத்த பறவைக்குக் கணக்கே இல்ல மச்சான்" என்று ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வரும்போது சொன்னார். "என் கையால விழுந்தது ஒண்ணு கிடையாது. ஒரு தப்பாப் வாங்கணும்."

"இங்கன கௌதாரி, முயல் எதையும் சுடக் கூடாது. சட்டம் இருக்கு."

"அரபி சுட்டப்ப ஒங்க சட்டம் எங்க போச்சு?"

"அது அவன் நாடு."

"அப்ப இது என் நாடு."

"காட்டிலாகாக்காரன் வந்து கேப்பான், யாரு நாடுன்னு."

"வரட்டும். அவனையும் பின்னாடி ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே போனில் பழைய வண்டிகளைத் தேட ஆரம்பித்துவிட்டார். சட்டத்தைப் பற்றி நான் இன்னும் இரண்டு முறை சொன்னேன். காலைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: "காலைக் கீழ வைக்காமப் போறதுக்குத்தான் வண்டியே." அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது.

வண்டி கிடைத்தது இராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கம். புரட்டாசி வெயில். விற்பவர் முப்பது வயது மீனவர். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சவாரி விட்டுக்கொண்டிருந்தார். அனுமதி கிடைக்காமல் தொழில் நின்றுபோக, மறுபடி மீன்பிடி போட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார். வலைக் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது சிவப்பு வண்டி. உப்புக்காற்றில் கம்பிகளெல்லாம் துருவேறிப் போயிருந்தன. மச்சானால் குத்துக்கால் வைத்து உட்கார முடியாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வண்டியைத் தன்னைச் சுற்றி உருட்டச் சொன்னார். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தார். டயரை விரலால் சுண்டினார். இஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"பாய், நீங்க பாக்குறது பொண்ணு பாக்குற மாதிரி இருக்கு" என்றார் மீனவர்.

"பொண்ணு பாக்கும்போது இம்புட்டு நேரம் பாக்க விடல. இந்தா நிக்கிறாரே, இவரு தங்கச்சியத்தான் கட்டியிருக்கேன். கேட்டுப் பாருங்க."

மீனவர் சிரித்துவிட்டு, பிறகு நேர்மையாகவே இரண்டு குறைகளைச் சொன்னார். ஒன்று, பேட்டரி பழசு. ஒரு முறை ஸ்டார்ட் ஆனால் அணைக்கக் கூடாது, அணைத்தால் மறுபடி எடுப்பது சந்தேகம். இன்னொன்று, வலது பக்கம் புகைக்குழாய்க்கு மேல் சூடு படாமல் மூடியிருக்கும் தகடு. திருகு தேய்ந்து, இஞ்சின் ஓடும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது. "சத்தந்தான் பாய். மத்தபடி ஒண்ணும் பண்ணாது" என்றார்.

இந்த வண்டிக்கு நம்மூரில் பதிவு எண் கொடுக்க மாட்டார்கள். ரோட்டில் ஓட்டக் கூடாது. ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுவந்தோம். பாலத்தின் மேல் வரும்போது எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். மச்சான் பின்பக்கக் கண்ணாடி வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊர் முஸ்லிம்களிடம் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தோடு மகளுக்கு வீட்டையும் கொடுத்துவிடுவோம். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். நானும் அப்படித்தான் அடுத்த தெருவில் என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். உள்ளூரில் வேலை பார்த்த எனக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. மச்சான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவர். தண்ணீர்ச் செம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் குடிப்பார். திரும்பி வந்து ஆறு மாதம் ஆன பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

குட்டியானை வந்து நின்றதும் தங்கை வாசலில் வந்து நின்றாள். கதவை மறித்துக்கொண்டு நின்றாள் என்றே சொல்ல வேண்டும்.

"காக்கா, நீங்களும் கூட்டா?" என்று அண்ணனான என்னை முதலில் கேட்டாள். பிறகு அவரிடம், "இது என் வீடு. இதுக்குள்ள அந்த வண்டி வரணும்னா ஒரு வார்த்தை குடுக்கணும்" என்றாள்.

"என்ன வார்த்தை?"

"காட்டுக்குள்ள வண்டிய விட்டு இறங்கக் கூடாது. எது விழுந்தாலும், எது ஓடினாலும் சரி. இங்கன ஏறுனா இங்கனதான் இறங்கணும். தரையில கால் படக் கூடாது. வல்லாஹி சொல்லுங்க."

அல்லாஹ்வின் மீது ஆணை என்று அர்த்தம். சவூதியில் காய்கறிக் கடைக்காரர்கூட அதைச் சொல்லாமல் ஒரு தக்காளி விற்க மாட்டார் என்று மச்சானே கேலி செய்திருக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி, "வல்லாஹி" என்றார். அவள் வழிவிட்டாள்.

இறங்காமல் எப்படிப் பறவையை எடுப்பார் என்று கேட்டேன். மறுநாள் முற்றத்தில் செய்து காட்டினார். தரையில் ஒரு தேங்காயைப் போடச் சொல்லி, வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு பக்கமாகச் சரிந்து, ஒற்றைக் கையால் அள்ளி எடுத்தார். தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாலைவனத்துல சர்க்கஸ் வேலைதான் பாத்திருக்காக போல" என்று உள்ளே போய்விட்டாள். கோபம் இல்லாத குரல் அது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இடையிடையே வெயில் அடித்த நாட்களில், விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்புவோம். ஊருக்குப் பின்னால் பனங்காட்டு வழியாக மணல் தடம் ஒன்று கண்மாய்க்குப் போகிறது. அவர் வண்டியில் முன்னால் மெதுவாகப் போவார். தோளில் ஏர்கன், இடுப்பில் கத்தி. நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் நடப்பேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. யாராவது பார்ப்பார்களோ என்று ஒரு பயம்; அவர் தனியாகப் போய் எங்காவது கவிழ்ந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

ஒன்றும் விழவில்லை. டிராக்டர் சத்தத்துக்குப் பழகிய கௌதாரிகள் இஞ்சினுக்கு அசையவில்லை. தகடு கடகடத்தால்தான் பறந்தன. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போய்விட்டு வந்த அன்றைக்கு, மச்சான் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்பேனரை எடுத்துத் தகட்டைக் கழற்றிவிட்டார். "இப்பப் பாருங்க, பூனை மாதிரிப் போகும்" என்றார். தகடு கிணற்றடித் திட்டில் கிடந்தது. தங்கை அதன் மேல் வடகம் காயப் போட்டாள்.

தை பிறந்து, ரஜப் மாதம் முடியப் போகும் சமயம். மழை நின்று வெகுநாளாகியிருந்தது. கண்மாயில் தண்ணீர் நடுவுக்குச் சுருங்கி, கரையோரம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. மச்சான் வண்டியில் இருந்தபடியே குறிபார்த்துச் சுட்டார். ஒரு கௌதாரி எழும்பி, ஒரு பக்கச் சிறகை மட்டும் அடித்துக்கொண்டு, அந்த வெள்ளைத் தரையில் போய் விழுந்தது.

அவர் கத்தவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை முடுக்கிக்கொண்டு நேராகப் போனார். பாலையில் எத்தனையோ முறை போன மாதிரி, விழுந்ததை நோக்கி ஒரே கோட்டில் போனார். அங்கே மணல் மேலும் மணல், கீழும் மணல். இங்கே மேலே காய்ந்த பொருக்கு, அடியில் கண்மாய்ச் சேறு. பறவைக்கு நாலு முழம் இருக்கும்போது வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து, அச்சு வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது.

நான் ஓடிப் போனேன். அவர் முன்னும் பின்னும் முடுக்கிக்கொண்டிருந்தார். சக்கரம் சேற்றை வாரி இறைத்ததே தவிர நகரவில்லை.

"இறங்குங்க மச்சான்" என்றேன்.

"இறங்க மாட்டேன்."

"என் தோளைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. சேறுதான, முள்ளு இல்ல."

"சேத்துக்குள்ள என்ன கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எனக்குக் குத்துனாலும் தெரியாது."

"யாரும் பாக்கல. நான் சொல்ல மாட்டேன்."

"ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன். அல்லாகிட்டயும் சொல்லியிருக்கேன். ரெண்டு பேர்கிட்டயும் தப்ப முடியாது மச்சான்." பிறகு கத்தியை உருவி என்னிடம் நீட்டினார். "உசுரு இருக்கு. நீங்க போயி அறுங்க. பிஸ்மில்லா சொல்லி அறுங்க."

கத்தியை வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தேன். கால் முழங்காலுக்கு மேல் புதைந்துவிட்டது. வண்டியின் பின்கம்பியைப் பிடித்து ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பறவை எங்களைப் பார்த்தபடி கிடந்தது. வேறு வழியில்லாமல், டிராக்டர் கூட்டி வருகிறேன் என்று ஊர்ப் பக்கம் ஓடினேன். கிளம்பும்போதே இஞ்சினை அணைக்கச் சொல்லியிருந்தேன். அணைத்தால் இது எழுந்திருக்காது, டிராக்டர் இழுக்கும்போது இதுவும் தள்ள வேண்டும் என்றார்.

பக்கத்து ஊரில் தெரிந்த ஒருவர் டிராக்டரோடு வந்தார். வர நேரமாகிவிட்டது. மச்சான் அதே இடத்தில், சாய்ந்த வண்டியில், வலது காலை மிதியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"போயிருச்சு மச்சான்" என்றார் என்னைக் கண்டதும். "இம்புட்டுத் தூரந்தான். கண்ணைத் தொறந்தபடியே போயிருச்சு. பிஸ்மில்லா மட்டும் சொன்னேன். கத்தி எட்டல."

டிராக்டர்க்காரர் கயிற்றை மாட்டும்போது மூக்கைச் சுளித்தார். "பாய், என்னமோ தீயுதே. கிளட்ச்சா?"

எனக்கும் அந்த வாடை வந்தது. நானும் கிளட்ச் என்றுதான் நினைத்தேன். வண்டி கெட்டித் தரைக்கு வந்ததும், நான் அவரைச் சரிசெய்து உட்காரவைக்கக் காலைப் பிடித்துத் தூக்கினேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. அது புகைக்குழாயோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பாதத்தின் உள்பக்கம் நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. டிராக்டர்க்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். மச்சான் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன?" என்றார். "என்ன பாக்குறீக?"

இராமநாதபுரத்தில் அன்றைக்கே சேர்த்தோம். அங்கிருந்து மதுரை. முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள், பிறகு மீதி மூன்று. பாதம் நிற்குமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வருமா என்பதைப் புண் ஆறுகிற விதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று அனுப்பிவைத்தார்கள். தினமும் கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்டுகிறாள் தங்கை. கறுப்பு எங்கேயாவது தெரிந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மச்சான் ஒரே கதையைத்தான் சொன்னார். பேட்டரி போய்விடும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன், புத்தி கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன் என்பார். தப்பாப் என்றால் பாலையில் பழகியது, சேற்றில் பழகவில்லை என்பார். வாக்கைப் பற்றி ஒரு சொல் வராது. நான் அங்கே இருந்தால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். எதற்காகப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

தங்கைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மாதமான ஷஃபானின் கடைசியில் ஒரு நாள், அவர் உள்ளே தூங்குகிறார் என்று நினைத்து, அடுப்படியில் என்னை உட்காரவைத்துக் கேட்டாள்.

"காக்கா, எந்த வருசம் எந்த மாசம் புயல் அடிச்சுதுன்னு கேட்டா நின்ன நெலையில சொல்லுவீக. இதச் சொல்லுங்க. நீங்க அவுகள இறங்கச் சொல்லலையா?"

"சொன்னேன்."

"அதுக்கு அவுக என்ன சொன்னாக?"

பேட்டரி என்று சொல்லியிருக்கலாம். அதிலும் பொய் இல்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் பாதி உண்மை நிற்காது. அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன், அல்லாகிட்டயும் சொல்லியிருக்கேன், ரெண்டு பேர்கிட்டயும் தப்ப முடியாது.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நேராக அறைக்குள் போனாள். அவர் தூங்கவில்லை.

"பேட்டரியாம் பேட்டரி. ஊருக்கெல்லாம் சொன்ன பொய்ய எங்கிட்டயும் சொன்னீகளா?"

"பேட்டரியும் ஒரு காரணந்தான்."

"இறங்கியிருந்தா என்ன? முள்ளு ஏறியிருந்தா நான் எடுத்திருப்பேன்ல?"

"நீதான வல்லாஹி சொல்லச் சொன்ன."

"நான் சொன்னா? இருபது வருசமா, இந்த லீவோட வந்திருங்க, இந்த லீவோட வந்திருங்கன்னு போன்ல கத்துனேன். அதுல ஒண்ணக் கேட்டீகளா? இத மட்டும் ஏன் கேட்டீக?"

நான் எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போது அவர் சொன்னது காதில் விழுந்தது. சத்தமில்லாமல்தான் சொன்னார்.

"வீட்டோட வந்தப்புறம் நீ எங்கிட்டக் கேட்ட மொத விசயம் அது."

அவள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கட்டுப் பிரிக்கிற நேரம் அது. வெந்நீருக்கு மருந்து கலக்கும் வாடை வந்தது. துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்கும்போது அவள் ஏதோ திட்டிக்கொண்டும், அவர் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். பிறகு இரண்டும் நின்றன.

"காக்கா" என்று கூப்பிட்டாள். "இங்கன வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். குதிகாலுக்குப் பக்கத்தில், காசு அகலத்துக்கு, கறுத்திருந்தது. நேற்று அது இல்லை. மச்சான் காலைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து, மதுரைக்கு ஒரு கார் வேண்டும், உடனே வேண்டும் என்று சொன்னேன்.